மாடுலர் சிந்தசைசருக்கு ஸ்கிரிப்ட் எழுத எங்கிருந்து தொடங்குவது?

நிரல் எழுதிப் பழக்கமில்லை, தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி எழுப்பும் மாடுலர் சிந்தசைசரும் புதிது, இந்த நிலையில் ஸ்கிரிப்ட் ஏற்றி இயக்கும் மாட்யூல் ஒன்றை வாங்கினால் சமாளிக்க முடியுமா, அதற்கு முன் லூவா என்ற நிரல் மொழியை முழுதாகப் படித்துவிட வேண்டுமா, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: தெரியாத இரண்டு துறைகளை ஒரே நேரத்தில் கற்க முடியுமா, முடியும் என்றால் எதை முதலில் தொடுவது? இந்தக் கருவிகளோடு பல ஆண்டுகள் பழகியதையும், புதியவர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுக்கும்போது அவர்கள் எங்கே தடுக்கிவிழுகிறார்கள் என்று கண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன். முடியும். மொழியை முன்கூட்டியே படித்து முடிக்கத் தேவையில்லை. ஆனால் மின்னழுத்தம் எப்படிப் பேசுகிறது என்பதை மட்டும் ஸ்கிரிப்டுக்கு முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும்.

மாடுலரில் ஒரு மாட்யூல் இன்னொன்றுக்குச் சொல்லும் செய்தி அனைத்தும் கேபிள் வழியே போகும் மின்னழுத்தம்தான். 1990களின் நடுவில் டீட்டர் டோப்ஃபர் கொண்டுவந்த யூரோராக் வடிவத்தில், சுருதியைக் குறிக்கும் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் இருப்பதால் ஓர் அரைச்சுரம் என்பது வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.083 வோல்ட். (பூக்லா என்ற வேறொரு வகை மாடுலர் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட் என்பதால் அரைச்சுரம் சரியாக 0.1 வோல்ட் ஆகிவிடும். கணக்குக்கு அதுதான் சுகம், ஆனால் யூரோராக்கில் நடைமுறை அதுவல்ல.) சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது கேட், ஒரு நிகழ்வு தொடங்கும் கணத்தை மட்டும் குறிக்கும் சில மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு டிரிகர், ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரையோ ஒலி அளவையோ மெதுவாக ஏற்றி இறக்குவது மாடுலேஷன். நீங்கள் எழுதப்போகும் ஸ்கிரிப்ட் எத்தனை சிக்கலானதாக இருந்தாலும் கடைசியில் செய்யும் வேலை, இந்த நான்கில் ஒன்றை எந்த நேரத்தில் எந்த அளவில் வெளியே அனுப்புவது என்று முடிவு செய்வதுதான். ஒலியை உண்டாக்குவது ஆஸிலேட்டர். ஸ்கிரிப்ட் அதற்கு உத்தரவு கொடுக்கிறது, அவ்வளவே. லூவா ஸ்கிரிப்டை ஏற்றி இயக்கும் மோனோம் நிறுவனத்தின் குரோ, சொந்தக் கட்டளைகளைக் கொண்ட அதே நிறுவனத்தின் டெலிடைப் போன்ற மாட்யூல்களைப் பெரும்பாலும் இப்படித்தான் பயன்படுத்துகிறோம்.

ஆகவே முதல் சில நாட்கள் ஒரு வரி கூட எழுதாமல் கேபிள்களோடு மட்டும் பழகுங்கள் என்பேன். இதற்குப் பணம் செலவழிக்கவும் தேவையில்லை. விசிவி ராக் என்ற கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உள்ள மாட்யூல்கள் யூரோராக்கின் வோல்ட் வழக்கங்களையே பின்பற்றுகின்றன. மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்த அலையைத் தரும் எல்எஃப்ஓ மாட்யூலை ஆஸிலேட்டரின் சுருதி உள்ளீட்டில் செருகி, அதே மின்னழுத்தத்தை, அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் மாட்யூலுக்கும் கொடுத்துப் பாருங்கள். திரையில் கோடு ஏறும்போது காதில் சுருதி ஏறுவதைக் கண்டபின், 2.5 வோல்ட் என்ற எண் உங்களுக்கு வெறும் எண்ணாக இருக்காது: 0 வோல்ட்டுக்கு வரும் சுரத்திலிருந்து இரண்டரை ஸ்தாயி மேலே என்று பொருள்படும். இந்தப் பழக்கம் இல்லாமல் ஸ்கிரிப்ட் எழுத உட்காருபவர்கள், தவறு நிரலில் இருக்கிறதா கேபிளில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அடுத்தது, ஸ்கிரிப்ட் எப்படி ஓடுகிறது என்பது. மொழியின் இலக்கணத்தைவிடப் புதியவர்களை அதிகம் படுத்துவது இதுதான். பாடப் புத்தகங்களில் வரும் நிரல் மேலிருந்து கீழே ஓடி, விடையை அச்சிட்டு, முடிந்துவிடும். மாட்யூலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் அப்படி முடிவதில்லை. தொடங்கும்போது சில ஏற்பாடுகளை ஒருமுறை செய்துவிட்டு, பிறகு நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கிறது. மணி அடித்தால் கதவைத் திற என்று காவலாளியிடம் சொல்லிவைப்பதைப் போல, முதல் உள்ளீட்டில் டிரிகர் வந்தால் இந்தச் செயற்கூறை (பெயரிட்டு வைத்த நிரல் துண்டை) ஓட்டு என்று சொல்லிவைக்கிறீர்கள். அதன்பின் எப்போது ஓடுவது என்பது டிரிகரின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. இதை உள்வாங்காதவர்கள் எழுதும் முதல் ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: முடிவில்லாத மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒன்று, அதற்குள் ஒரு சுரம், நேரத்தைக் கடத்த வெற்றாக எண்ணும் இன்னொரு மடக்கு, பிறகு அடுத்த சுரம். மாட்யூல் அந்த மடக்குக்குள் மாட்டிக்கொண்டு உறைந்துவிடும், வேறெந்த உள்ளீட்டையும் கவனிக்காது. குரோவில் நேரம் காக்கும் கிளாக் வசதியையும் அதற்குரிய ஸ்லீப் என்ற காத்திருப்புக் கட்டளையையும் கொண்டு எழுதினால் இதே வடிவம் ஒழுங்காக ஓடும். ஏனெனில் ஸ்லீப் அந்த வேலையை மட்டும் அங்கே நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றுக்கு வழிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கிணறும் சிறிதல்ல, சொல்லிவைக்கிறேன்.

முதல் பயிற்சியாக நான் எப்போதும் தருவது, கிளாக் (சீரான இடைவெளியில் துடிப்புகளைத் தரும் சமிக்ஞை) துடிக்கும்போதெல்லாம் ஒரு மின்னழுத்தத்தைப் படித்து, அதை அருகிலுள்ள அரைச்சுரத்துக்குத் தள்ளி வெளியே அனுப்பும் ஸ்கிரிப்ட். குரோவில் இரண்டு உள்ளீடுகளும் நான்கு வெளியீடுகளும் உண்டு. வெளியீடு −5 வோல்ட்டிலிருந்து +10 வோல்ட் வரை போகும். முதல் உள்ளீட்டில் கிளாக்கையும், இரண்டாவதில் மெதுவாக அசையும் ஏதாவதொரு மின்னழுத்தத்தையும் செருகுங்கள். முதல் வெளியீடு ஆஸிலேட்டரின் சுருதிக்கு, இரண்டாவது வெளியீடு, சுரத்தின் ஒலி அளவை ஏற்றி இறக்கும் என்வலப் மாட்யூலின் கேட் உள்ளீட்டுக்கு. கணக்கு எளியது: படித்த வோல்ட்டை 12ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, மறுபடி 12ஆல் வகுக்க வேண்டும். உள்ளே வருவது 2.46 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஆல் பெருக்கினால் 29.52, முழு எண்ணாக்கினால் 30, 12ஆல் வகுத்தால் 2.5 வோல்ட். லூவாவின் கணிதத் தொகுப்பில், அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் ஆயத்தச் செயற்கூறு கிடையாது. கீழ்நோக்கி வெட்டும் செயற்கூறு இருக்கிறது. அதனால் 0.5 கூட்டிவிட்டு வெட்ட வேண்டும். இத்தனையும் சேர்ந்து பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பத்து வரியில் படிக்க நிறைய இருக்கிறது. முதலாவது, மின்னழுத்தத்தை ஏன் கிளாக் துடிக்கும்போது மட்டும் படிக்கிறோம் என்பது. இடைவிடாமல் படித்துக்கொண்டிருந்தால், உள்ளீடு இரண்டு அரைச்சுரங்களின் எல்லையில் நிற்கும்போது கம்பியில் வரும் சிறு இரைச்சலே அதை அப்படியும் இப்படியும் தள்ளி, சுரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். துடிப்பின்போது ஒருமுறை படித்து, அடுத்த துடிப்பு வரை அதையே பிடித்துவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. சாம்பிள் அண்ட் ஹோல்ட் என்ற பழைய மாட்யூல் செய்வதும் இதுதான். அதை நீங்கள் ஸ்கிரிப்டில் உங்களையறியாமலே கட்டியிருப்பீர்கள். இரண்டாவது, வரிகளின் வரிசை. கேட்டை முதலில் உயர்த்திவிட்டுச் சுருதியைப் பிறகு மாற்றினால், என்வலப் பழைய சுரத்தில் திறந்து, ஒரு நொடியின் மிகச் சிறு பின்னத்துக்குள் புதிய சுரத்துக்குத் தாவும். மென்மையாகத் தொடங்கும் ஒலியில் இது காதில் விழாது. சட்டென்று வெட்டித் தொடங்கும் ஒலியில், ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் ஒரு சிறு கீறலாகக் கேட்கலாம். ஆகவே சுருதி முதலில், கேட் பிறகு. காகிதத்தில் வெறும் வரி வரிசை. காதுக்கு அது வேறு.

பத்து வரி ஓடிய பிறகு அதையே வளர்த்துக்கொண்டு போகலாம். அரைச்சுரங்கள் அனைத்துக்கும் பதிலாக, ஸ்தாயியின் தொடக்கத்திலிருந்து எண்ணிய 0, 2, 4, 7, 9 என்ற ஐந்து அரைச்சுர எண்களை ஓர் அட்டவணையில் வைத்து அவற்றில் அருகிலுள்ளதை எடுக்கச் சொல்லுங்கள். நிபந்தனையும் மடக்கும் அங்கே தேவையின் பொருட்டு வந்து சேரும். அடுத்து தாளத்துக்குப் போங்கள். 8 அடிகளுக்குள் 3 தட்டுகளை இயன்றவரை சமமாகப் பரப்புவதற்கு ஒரே வரியில் ஒரு வழி இருக்கிறது: அடியின் எண்ணை 0 முதல் 7 வரை எடுத்துக்கொண்டு, 3ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் வரும் மீதி 3ஐவிடக் குறைவாக இருந்தால் தட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0, 3, 6 ஆகிய அடிகளில் மட்டும் தட்டு விழும். தகிட தகிட தக என்று வாயால் சொன்னால் வருகிற அதே 3, 3, 2 பிரிவு. காட்ஃபிரைட் தூசான் என்ற கணினி அறிவியலாளர், இத்தகைய தாளங்களுக்கும் யூக்ளிட்டின் பழைய வகுத்தல் முறைக்கும் உள்ள தொடர்பை 2005இல் எழுதிக் காட்டிய பிறகு யூக்ளிடியன் சீக்வென்சர் என்ற பெயர் மாடுலர் உலகில் நிலைத்துவிட்டது. லூவாவில் எழுதும்போது ஒரு சிறு எச்சரிக்கை: அட்டவணையின் முதல் இடத்தை அம்மொழி 1 என்று எண்ணுகிறது, இந்தச் சூத்திரமோ 0விலிருந்து எண்ணுகிறது. ஒன்றைக் கழிக்க மறந்தால் தாளம் தவறாகாது, ஆனால் ஓரடி தள்ளித் தொடங்கும். கேட்டுக் கண்டுபிடிப்பது கடினம்.

கருவி வாங்கும் முன் இவற்றைக் கணினியிலேயே எழுதிப் பார்க்க விரும்பினால், விசிவி ராக்கில் புரோட்டோடைப் என்ற மாட்யூல் இருக்கிறது. லூவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதற்குப் புரியும். ஆனால் அது நிகழ்வுக்காகக் காத்திருப்பதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் உங்கள் செயற்கூறை மறுபடி மறுபடி அழைக்கிறது. முன்னிருப்பாக 32 ஒலி மாதிரிகளுக்கு ஒருமுறை அழைக்கும். ஒலி அட்டை நொடிக்கு 48,000 மாதிரிகளில் ஓடினால் நொடிக்கு 1,500 முறை. இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஓர் எல்எஃப்ஓ எழுதும்போது, அலையின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை நினைவில் வைக்கும் மாறியைச் செயற்கூறுக்குள்ளேயே அறிவித்துவிட்டால், ஒவ்வொரு அழைப்பிலும் அது பூச்சியமாகிவிடும்; அலை இருந்த இடத்தை விட்டு நகராது. அந்த மாறி வெளியே இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரு மாதிரியின் கால அளவை மட்டும் கூட்டிக்கொண்டு போய், 32 மாதிரிகளுக்கு ஒருமுறைதான் நாம் அழைக்கப்படுகிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. நொடிக்கு ஒரு சுற்று வர வேண்டிய அலை 32 நொடிக்கு ஒரு சுற்று வரும். அலை ஓடுகிறது ஆனால் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெருக்கலைத்தான்.

ஸ்கிரிப்ட் சரியாகவே இருந்து, வெளியுலகம் அதைக் கெடுப்பதும் உண்டு. அடிக்கடி வரும் புகார், கீழ் ஸ்தாயியில் சுருதி சேர்கிறது, மேலே போகப் போக இறங்கிக்கொண்டே வருகிறது என்பது. வெளியீட்டில் 1,000 ஓம் மின்தடை இருந்து, ஆஸிலேட்டரின் உள்ளீடு 100,000 ஓம் என்றால், போகும் வழியிலேயே ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துவிடும். 5 வோல்ட்டில் அது 0.05 வோல்ட், அதாவது அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல். ஒரே வெளியீட்டைச் சாதாரணப் பிரிப்பான் வழியே இரண்டு ஆஸிலேட்டர்களுக்குப் பிரித்தால் இழப்பு இரு மடங்காகும். நல்ல வடிவமைப்பாளர்கள் இதை மின்சுற்றிலேயே ஈடுகட்டிவிடுவார்கள், எல்லோரும் அல்ல. மல்ட்டிமீட்டரை வைத்துக் கம்பியின் மறுமுனையில் அளந்து பார்த்துவிட்டால், ஸ்கிரிப்டை நூறு முறை மாற்றி எழுதும் வேலை மிச்சம். இதேபோல், மெதுவான எல்எஃப்ஓவைக் கிளாக்காகச் செருகினால் ஒரு துடிப்புக்கு மூன்று நான்கு டிரிகர்கள் பதிவாகலாம். துடிப்பு என்று எண்ணப்படும் எல்லை வோல்ட்டை அது மெதுவாகக் கடக்கும்போது இரைச்சல் அதைப் பல முறை கடக்கவைக்கிறது. குரோவில் எல்லை வோல்ட்டோடு ஹிஸ்டெரிசிஸ் என்ற ஒரு சிறு இடைவெளியையும் கொடுக்க இடமிருப்பது இதற்காகத்தான்: ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு கோடு.

ஸ்கிரிப்டில் தவறு செய்தால் கருவி எரிந்துவிடுமா என்ற பயம் உங்கள் கேள்வியில் ஓரமாகத் தென்பட்டது. குரோ போன்றவற்றில் வெளியீட்டின் எல்லையை வன்பொருளே கட்டுப்படுத்துவதால், நீங்கள் 500 வோல்ட் என்று எழுதினாலும் அது போகக்கூடிய உச்சத்தில்தான் நிற்கும். மாட்யூலைக் கெடுக்கக்கூடியது மின்சாரப் பட்டைக் கம்பியைத் தலைகீழாகச் செருகுவது. அதன் சிவப்புக் கோடு −12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும். மாடுலரின் ஒலி அளவு வழக்கமான ஒலிக்கருவிகளைவிட மிக அதிகம் என்பதால், ஸ்பீக்கருக்கோ ஹெட்ஃபோனுக்கோ அனுப்பும் முன் குறைத்து அனுப்புங்கள். பிழையான ஸ்கிரிப்ட் மாட்யூலைவிட உங்கள் காதுக்குத்தான் ஆபத்து.

இதுவரை சொன்னவை சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடியவை. இனிச் சொல்வது என் அபிப்பிராயம். அனுபவமுள்ள வேறொருவர் மாற்றிச் சொல்லலாம், அவரும் தவறாக இருக்கமாட்டார். மொழி என்று பார்த்தால் லூவா நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். 1993இல் பிரேசிலில் உருவான அந்த மொழி சிறியது. மோனோமின் நார்ன்ஸ் கருவியும் அதைத்தான் பேசுகிறது என்பதால் கற்றது வீணாகாது. ஆனால் மாறி, நிபந்தனை, செயற்கூறு, அட்டவணை என்ற நான்கைத் தாண்டி முன்கூட்டியே எதையும் படிக்க வேண்டாம்; மீதியைத் தேவை வரும்போது தேடிக்கொள்ளலாம். நிரலாக்கமே வேண்டாவெறுப்பாக இருப்பவருக்கு டெலிடைப் பொருந்தலாம். அதில் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் ஆறு வரிதான் இடம். கீபோர்டைச் செருகி மாட்யூலின் சிறு திரையிலேயே எழுதலாம். இந்த நெருக்கடி பிடித்தவர்களும் உண்டு, மூச்சு முட்டுகிறது என்று விட்டவர்களும் உண்டு. காலத்தைப் பொறுத்தவரை, முதல் ஸ்கிரிப்ட் ஒரே மாலையில் ஓடிவிடும். பிறர் எழுதியதைப் படித்து வேண்டிய இடத்தில் மாற்றும் அளவுக்கு வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதற்கு மேல் கணக்குச் சொல்வது ஜோசியம்.

எல்லாவற்றையும் செய்யும் ஒரே பெரிய சீக்வென்சரைக் கட்டப் புறப்படாதீர்கள் என்பதையும் அபிப்பிராயமாகவே சொல்கிறேன். முப்பது வரிக்குள் அடங்கும், ஒரே வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டுகள் வாசிக்கும்போது கைகொடுக்கின்றன. எட்டு மதிப்புகளை ஓர் அட்டவணையில் வைத்துத் துடிப்புக்கு ஒன்றாகச் சுழற்றி, எப்போதாவது ஒன்றைத் தற்செயலாக மாற்றும் ஸ்கிரிப்டை எழுதிப் பாருங்கள். டாம் விட்வெல் வடிவமைத்த டியூரிங் மெஷின் மாட்யூல் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அது ஒன்றை வைத்தே இசைத்தொகுப்பு போட்டவர்கள் இருக்கிறார்கள் என்றால் வியக்கமாட்டேன்.

என் பழக்கம் பெரும்பாலும் கட்டுப்பாட்டு மின்னழுத்தங்களோடுதான். ஒலியையே நிரலில் உண்டாக்க விரும்பினால் சூப்பர்கொலைடர், பியூர் டேட்டா ஆகிய கணினி மென்பொருள்கள், அல்லது சி++ மொழியில் எழுதி ஏற்றும் மாட்யூல்கள் என்று வேறு பாதைகள் உள்ளன. அங்கே வழிகாட்டும் அளவுக்கு நான் நடந்ததில்லை, அதில் ஊறியவர்களைக் கேளுங்கள். எங்கே கேட்டாலும், ஓடவில்லை என்று மட்டும் எழுதாமல் ஸ்கிரிப்டை முழுதாக ஒட்டி, மாட்யூலின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு எது, எந்தக் கம்பி எதிலிருந்து எதற்குப் போகிறது, எத்தனை வோல்ட் எதிர்பார்த்து எத்தனை வந்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். குரோவோடு கணினியில் பேசப் பயன்படும் துருயிட் நிரலில், ஒரு மதிப்பை அச்சிடச் சொல்லும் வரியைச் சேர்த்துவிட்டால் கடைசித் தகவல் திரையிலேயே கிடைத்துவிடும். பாதிப் பிழைகள் அதைப் படிக்கும்போதே பிடிபட்டுவிடும்.